ரத்தப் பரிசோதனை நாளன்று பிரஷர் மாத்திரை போட்டீர்களா?

"தம்பி, கால் வீக்கத்துக்கு நீர் இறக்குற மாத்திரை ஒண்ணு குடுங்க."

மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் ஃபார்மசிக்குப் போன வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்த ஐயா ஒருவர் கேட்டது இது. வயது 63, பிறை என்ற ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. காலுறையை இறக்கிக் காட்டினார், கணுக்காலுக்கு மேலே எலாஸ்டிக் பதிந்த தடம் கயிறு கட்டி எடுத்த மாதிரி இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை அப்படியே கவுன்டரில் கொட்டினார். அம்லோடிபைன் 10 மில்லிகிராம், பெரிண்டோபிரில் 8 மில்லிகிராம், அப்புறம் புதிதாகச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதையசைட். மூன்றுமே பிரஷருக்கு. அவர் கேட்ட 'நீர் இறக்குற' மாத்திரை இந்த மூன்றாவதுதான், அந்தப் பையிலேயே இருந்தது, அட்டையில் ஒன்றுகூடப் பிய்க்கப்படாமல்.

எனக்கு வீக்கத்தைவிட அந்த அட்டைகள்தான் கவலையாக இருந்தன. ஒரு மாத மருந்து வாங்கி மூன்று வாரம் ஆகிறது, முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் "சாப்பிடுறேன், சாப்பிடுறேன்" என்றார். அப்புறம் மெதுவாக விஷயம் வந்தது.

நடந்தது இதுதான். அவருக்கு முதலில் இருந்தது அம்லோடிபைன் 5, பெரிண்டோபிரில் 4, ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னபோது, இரவு பன்னிரண்டுக்கு மேல் எதுவும் சாப்பிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். 'எதுவும்' என்றால் மாத்திரையும்தானே என்று இவர் முடிவு செய்து, அன்று காலை மாத்திரையை விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆறரைக்கே மோட்டார் சைக்கிளில் போய் வரிசையில் நின்று, வண்டி நிறுத்த இடமில்லாமல் இன்னொருவரோடு சண்டையும் போட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு பிரஷர் பார்த்தால் 168/96. டாக்டர் என்ன செய்வார்? மருந்தின் அளவைக் கூட்டினார். கூட்டிய அளவை வீட்டில் தினமும் சாப்பிட்டதும் எழுந்து நின்றால் தலை கிறுகிறுத்தது, காலும் வீங்கியது. இவராகவே நிறுத்தினார். அடுத்த முறை போனபோது 172. மூன்றாவது மாத்திரை வந்தது.

இதில் யாரும் வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. டாக்டர் பார்த்த எண்ணும் உண்மை, ஐயாவின் தலைச்சுற்றலும் உண்மை. நடுவில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போயிற்று: இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா?

ஆகவே இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிற நாளில் பிரஷர் மாத்திரையைச் சாதாரணமாக வெறும் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் மாத்திரையும் இன்சுலினும் வேறு கதை, சாப்பிடாமல் அவற்றைப் போட்டால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம், அதனால் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரண்டு வகையும் சாப்பிடுகிறவர்கள், முந்தின வருகையின்போதே எதைப் போடுவது, எதை விடுவது என்று கேட்டு கிளினிக் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் வீக்கத்துக்கு வருவோம். அம்லோடிபைன் ரத்தக் குழாயைத் தளர்த்துகிற மருந்து. சிலருக்கு, குறிப்பாக 10 மில்லிகிராமில், சின்னக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். உடம்பில் நீர் அதிகமாகி வருகிற வீக்கம் இல்லை என்பதால் நீர் இறக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ வடிந்துவிடும். ஆனால் இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தாலும் கால் வீங்கும், அதனால் மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மருந்தின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அதேபோலப் பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். மாதக் கணக்கில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், லொசார்டான் என்ற வேறு வகைப் பிரஷர் மருந்துக்கு மாற்றியதும் இருமல் போயிற்று. சொன்னால்தானே மாற்றுவார்கள்.

இந்தப் பெரிண்டோபிரில் வகை மருந்துகளைப் பற்றி ஒரு விஷயம். 'இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. அப்படிச் சொன்னதும் ஒரு மரியாதை வருகிறது, ஏன் என்று தெரியவில்லை.

சரி, அந்த ஐயாவிடம் மருந்து எதுவும் விற்கவில்லை. கையில் கட்டுகிற பிரஷர் கருவி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன், மகள் வாங்கிக் கொடுத்தது பெட்டியோடு அலமாரியில் இருக்கிறதாம். மணிக்கட்டில் மாட்டுகிறதா, மேற்கையில் கட்டுகிறதா? மேற்கை. நல்லது, அதுதான் நம்பகமானது. அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்துச் செய்து காட்டினேன். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் போடக்கூடாது, கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றக்கூடாது. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பேசாமல் என்றால் நிஜமாகவே பேசாமல், டிவியோடும் சண்டை போடாமல். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். இரவிலும் அப்படியே இரண்டு. ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்ப்பார்கள். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85. தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும், கருவி வாங்கும்போது கையை அளந்து வாங்குங்கள்.

அதுவரை என்ன சாப்பிடுவது? நானாக மாற்ற முடியாது, டாக்டரிடம் சீக்கிரமே போகச் சொல்லி, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வலி மாத்திரை கேட்டு வந்தவர்களிடமும் நான் பையைக் கொட்டச் சொல்வேன். டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் மாதிரியானவை பிரஷரை ஏற்றும், பெரிண்டோபிரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. முட்டிவலிக்குப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற பொடி இதைவிட மோசம், அதில் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள், இரண்டு நாளில் வலி பறந்துவிடும், பிரஷரும் இனிப்புநீரும் பின்னால் ஏறிவரும். டப்பாவில் MAL என்று தொடங்கும் அரசுப் பதிவு எண் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள், ஏனென்றால் எனக்கே கருவாடு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டிய உப்பு, மலேசியர்களுக்குச் சராசரியாக 7.9 கிராம் என்று நாடு தழுவிய ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். சாம்பாரில் போடும் கல்லுப்பை மட்டும் குறைத்தால் போதாது. கிச்சாப் (சோயா சாஸ்), பெலாச்சான் (இறால் விழுது), நெத்திலி, ஊறுகாய், மோர்மிளகாய், நாசி கண்டார் கடையில் 'பாஞ்சிர்' என்று சொல்லிச் சோறு முழுகும் அளவுக்கு ஊற்றி வாங்கும் நாலு வகைக் குழம்பு, இதிலெல்லாம்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. குழம்பைக் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள், அதுவே பெரிய மாற்றம். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், பெரிண்டோபிரில், லொசார்டான் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நடை நல்லது, எடை குறைந்தால் ஏறக்குறைய கிலோவுக்கு ஒரு புள்ளி பிரஷரும் குறையும். ஆனால் "தண்ணீர்மலை முருகன் கோயில் படி 500க்கு மேலே ஏறுறேன், எனக்கு எதுக்கு மாத்திரை" என்று கேட்கிறவர்களுக்கு: ஏறுங்கள், மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, தலைவலி வந்தால்தான் மாத்திரை என்பது சூதாட்டம். காலையிலா இரவிலா என்ற சந்தேகமும் வேண்டாம், பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மறக்காத நேரமே நல்ல நேரம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

எண் 180/120ஐத் தாண்டினால் பதறி இன்னொரு மாத்திரை விழுங்காமல், உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எண்ணையே பார்க்க வேண்டாம், 999.

அந்த ஐயா ஏழு நாள் எண்களையும் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி, ஊசி குத்தி டாக்டரிடம் கொண்டுபோனார், நடந்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாத்திரை நின்றது, அம்லோடிபைன் பழையபடி 5க்கு வந்தது, சில வாரத்தில் வீக்கமும் வடிந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனை அன்று காலை ஆறே முக்காலுக்குப் போன் அடித்தார்.

"தம்பி, மாத்திரையத் தண்ணியோட போட்டுட்டேன், சரிதானே?"

"சரிதான் ஐயா. காப்பி மட்டும் குடிச்சிராதீங்க."

"அதையும் குடிச்சிட்டேனே தம்பி."