மோட்டார் ரூமில் இருந்த மாம்பழ ஜூஸ் பாட்டில்

எங்கள் பக்கத்தில் பூச்சிக்கொல்லிக்குப் பெயர் ‘மருந்து’. கத்திரிக்கு மருந்தடிப்பார்கள், மஞ்சளுக்கு மருந்து வாங்கி வருவார்கள். இருபது வருடமாக நானும் மருந்து எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன்தான். ஆனாலும் ராத்திரி போனில் “சார், ஒரு பையன் மருந்து குடிச்சுட்டு வந்திருக்கான்” என்றால் எந்த மருந்து என்று கேட்க வேண்டியதே இல்லை.

இந்த வருடத்தில் இது நான்காவது குழந்தை. நான்கும் சனி, ஞாயிறில் வந்தவை. வெளியூரிலிருந்து தாத்தா பாட்டியைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்த பிள்ளைகள். இந்தப் பையனுக்கு நான்கு வயது (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பா, அம்மா பெங்களூரில் வேலை. மத்தியான வெயிலில் விளையாடிக்கொண்டிருந்தவன் மோட்டார் ரூமுக்குள் போயிருக்கிறான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே மாம்பழ ஜூஸ் பாட்டில். அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு மஞ்சளாக ஏதோ. ஒரு மடக்கு.

“ஒரு மடக்குதான் சார், உடனே துப்பிட்டான்” என்றார் அப்பா. துப்பியது போக உள்ளே போனதே போதும். வரும்போது கண்மணி இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன. வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அதற்கு முந்தைய நாற்பது நிமிடத்தைக் கேட்டபோது. ஆத்தா உப்பைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். வாந்தி வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோப்புத் தண்ணீர் என்றார், அதையும் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் தொண்டையில் விரல். கடைசியில் வாந்தி வந்தது, அரை மயக்கத்தில். பாதி வெளியே, பாதி நுரையீரலுக்குள். விஷத்துக்கான வைத்தியம் நான்கு நாளில் முடிந்துவிட்டது. அந்த நுரையீரலைத் தேற்ற மேலும் ஒன்பது நாள் ஆயிற்று.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது, அதனால் இன்னொரு முறை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். நீங்கள் அடிக்கும் மருந்தில் பலவும் மண்ணெண்ணெய் மாதிரியான கரைப்பானில்தான் கலந்திருக்கிறது. இறங்கும்போது வயிற்றுக்குப் போனது, ஏறும்போது மூச்சுக்குழாயில் நுழையும். அதுவும் பிள்ளை மயங்கிக்கொண்டிருக்கும்போது தொண்டை தன் காவலை விட்டிருக்கும். உப்புத் தண்ணீர் இன்னும் மோசம்: சின்ன உடம்பில் உப்பு ஏறினால் மூளை பாதிக்கும், வலிப்பு வரும், அதனாலேயே இறந்த குழந்தைகள் உண்டு. “ஆஸ்பத்திரியில் நீங்களும் டியூப் போட்டுக் கழுவுகிறீர்களே?” என்று கேட்பார்கள். சீக்கிரம் வந்தால் மட்டும், மூச்சுக்குழாயைப் பாதுகாத்துக்கொண்டு, உறிஞ்சும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழுவுகிறோம். நேரமாகிவிட்டால் நாங்களும் கழுவுவதில்லை. பால், மோர், முட்டை வெள்ளை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று தெரியும். சும்மா இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். உங்கள் கையில் உறையோ பாலித்தீன் கவரோ இருக்கட்டும். தோல் வழியாகவும் ஏறும் விஷம் இது. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டிலைக் கொண்டு வாருங்கள். ஜூஸ் பாட்டிலாக இருந்தால் மருந்துக் கடைக்குப் போன் போட்டு, என்ன விற்றீர்கள் என்று கேட்டு, பெயரை எழுதி வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் நாங்கள் குருடர்கள். இவனுக்கு அட்ரோபின் என்கிற மாற்று மருந்து இருந்தது. (ஆம்ப்யூல் உடைத்து உடைத்து எங்கள் சிஸ்டரின் விரலெல்லாம் கீறல்.) களைக்கொல்லி பாராகுவாட் என்றால் மாற்று மருந்தே கிடையாது. அதைக் குடித்தவர் முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். மற்ற விஷங்களுக்குத் தயங்காமல் வைக்கிற ஆக்சிஜன் அதில் நுரையீரலை இன்னும் கெடுக்கும். “களைக்கு அடிக்கிறதுதானே” என்று சொல்லாதீர்கள்.

மூன்றாம் நாள் பையன் கண் விழித்ததும் அப்பா கேட்டார், திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் ஆகுமா, ஸ்கூல் இருக்கிறது என்று. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் மூச்சுத் தசைகள் திடீரெனச் சோர்ந்துபோவது இந்த விஷத்தின் குணம். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய், நடுவழியில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த மருந்து ஏன் ஜூஸ் பாட்டிலில் இருந்தது? வராந்தாவில் மருமகள் மாமனாரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாரு தலை நிமிரவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: ஒரு லிட்டர் டப்பாவை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போடுகிறார்கள், ஆளுக்குக் கால் லிட்டர். கையில் கிடைத்த பாட்டிலில் ஊற்றி வருவதுதான் வழக்கம். அவருக்குக் கண்ணில் புரை, லேபிளே இருந்தாலும் படிக்க முடியாது. பதினைந்து வருடமாக அந்த வீட்டில் இரண்டு கிழவர்கள்தான். எது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும், எட்டாத உயரம் என்கிற கவலையே அங்கே கிடையாது. சனிக்கிழமை காலையில் காரிலிருந்து ஒரு நான்கு வயது இறங்கும்போது அதே வீடு வேறு வீடாகிவிடுகிறது.

காலி டப்பாவை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. நம் வீடுகளில் அதைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கிறோம். 2013-ல் பீகாரில் சரண் மாவட்டப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் இருந்தது மோனோகுரோட்டபாஸ் என்கிற பூச்சிக்கொல்லி. பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவில் சமையல் எண்ணெயை வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் வந்தது.

கிணற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும். ஆனால் ஜன்னல் திட்டில் இருக்கும் சர்க்கரை மாத்திரையையும் பார்த்துவிடுங்கள். அதில் சில வகை ஒன்றே ஒன்று போதும், பிள்ளைக்குச் சர்க்கரை அடியோடு இறங்க. பல மணி நேரம் கழித்துக்கூட இறங்கும், தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் சத்தம் போடாதீர்கள். ஸ்வீட் டப்பாவோடு, பழைய இரும்புப் பெட்டி ஒன்றும் பூட்டு ஒன்றும் எடுத்துப் போங்கள். இறங்கியதும் காபிக்கு முன்னால், அவரையே கூட்டிக்கொண்டு மோட்டார் ரூம், சாளை, மாட்டுக் கொட்டகை எல்லாம் ஒரு சுற்று. கிடைப்பதையெல்லாம் பெட்டிக்குள் வையுங்கள். எது என்ன என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிற அளவுக்கு. சாவிக்கு ஆணி அடிக்கும்போது அவருக்குக் கை எட்டுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.