மினியேச்சர்: செந்தூரத்தில் பிறந்த சொல்

‘மினியேச்சர்’ என்றதும் அதில் உள்ள ‘மினி’க்குச் சிறியது என்று பொருள் கொள்கிறோம்; ஆனால் இச்சொல்லின் வேரில் சிறுமை இல்லை, சிவப்புதான் இருக்கிறது. லத்தீனில் ‘மினியும்’ என்பது ஈயச் செந்தூரம். கையெழுத்து நூல்களில் தலைப்பெழுத்துகளை அந்தச் செந்நிறத்தால் தீட்டுவது ‘மினியாரே’. அதிலிருந்து, நூல்களுக்குள் தீட்டும் ஓவியத்தைக் குறிக்கும் ‘மினியாத்தூரா’ என்ற இத்தாலியச் சொல் வந்தது. அவ்வோவியங்கள் அளவில் சிறியவை. ‘சிறிய’ என்று பொருள்படும் வேறு லத்தீன் சொற்களும் ஒலியில் இதை ஒத்திருந்தன. ஆகவே நிறத்தைச் சொன்ன சொல் அளவைச் சொல்லத் தொடங்கிவிட்டது. நம் ஊர் ‘மினி பஸ்’ இந்தக் குழப்பத்தின் பேரப்பிள்ளை.

தமிழில் இதற்குச் ‘சிற்றுரு’ என்பதே பொருந்தும். சிற்றூர், சிற்றுண்டி போலப் புணர்ந்த சொல் இது. மணலில் சிறுமியர் கட்டும் சிற்றில், ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்துக்கே பெயர் தந்திருப்பதால், இந்த அமைப்பு நம் காதுக்குப் புதிதன்று. சிலர் எழுதும் ‘மாதிரி’ சரிப்படாது: மாதிரியைப் பார்த்துக் கட்டடம் எழுப்பலாம்; சிற்றுருவோ எழும்பிய கட்டடத்தைப் பார்த்துச் செய்யப்படுவது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952இல் திறக்கப்பட்ட மதுரோடாம், சிற்றுரு என்ற பெயருக்கேற்ற பூங்கா. 1:25 என்ற அளவில் கால்வாய்களும் காற்றாலைகளும் தேவாலயக் கோபுரங்களும் அங்கே நிற்கின்றன. டச்சுக் காலனியாக இருந்த குராசோ தீவில் பிறந்து, ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டு, 1945இல் டாக்காவ் வதைமுகாமில் இறந்த ஜார்ஜ் மதுரோவின் நினைவாக அவருடைய பெற்றோர் பணம் கொடுத்தார்கள். இந்தோனேசியாவை 1949 டிசம்பரில் இழந்த நாடு, மூன்றாண்டு முடியுமுன்னே தன்னை இப்படித் தரையில் பரப்பிப் பார்த்துக்கொண்டது.

அந்த இந்தோனேசியாவும் 1975இல் ஜகார்த்தாவில் ஒரு பூங்காவைத் திறந்தது: ‘தாமான் மினி இந்தோனேசியா இந்தா’, அதாவது ‘அழகிய இந்தோனேசியச் சிற்றுருப் பூங்கா’. அதிபரின் மனைவி தியன் சுகார்த்தோ டிஸ்னிலேண்டைக் கண்டபின் எழுந்த எண்ணம் இது. ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு ஏன் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘மினி’ என்ற பெயர் இருந்தாலும் அங்குள்ள வீடுகள் சிறியவை அல்ல. எருமைக் கொம்புபோல் கூரை முனைகள் வளைந்தெழும் மினாங்கபாவு இனத்தாரின் வீட்டுக்குள் ஆள் நடந்து செல்லலாம். சிறுத்தது நாடுதான்: நடுவே ஏரி, அதில் தீவுகளின் வடிவில் மண்திட்டுகள், ரோப் காரில் போனால் மொத்த நாடும் கண்ணில் படும். அன்றிருந்த 26 மாகாணங்களுக்கும் ஆளுக்கொரு மண்டபம். ஒரு மாகாணத்தில் எத்தனை இனத்தார் வாழ்ந்தாலும் இடம் அவ்வளவுதான். எந்த வீடு மாகாணத்தின் முகம், எது இல்லை என்று தீர்ப்பதில் சொல்லின் பழைய பொருளே வேலை செய்கிறது: செந்தூரம் தீட்டிய எழுத்தில்தான் கண் முதலில் விழும்.

அந்தத் தீவுகளை ஒன்றாகக் கோத்த எல்லைக்கோடு டச்சுக்காரர் விட்டுப்போனது. போர்ச்சுக்கீசியரிடம் இருந்த கிழக்குத் திமோர் அதற்கு வெளியே கிடந்தது. 1976இல் இந்தோனேசியா அதைத் தன் மாகாணமாக இணைத்துக்கொண்டது. பூங்காவிலும் அதற்கொரு மண்டபம் எழுந்தது. 2002இல் திமோர் தனி நாடானபின் அந்த மண்டபத்தை இடிக்கவில்லை. அருங்காட்சியகம் என்று பெயரை மட்டும் மாற்றினார்கள்.