அறிவு முகாமைத்துவம்: சொல்லும் பழக்கமும்

அட்டனில் சனிக்கிழமைகளில் டிப்ளோமா மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். தோட்டத்து ஆபிஸ் கிளார்க், பாடசாலை ஆசிரியர், வங்கியில் வேலை செய்கிற பிள்ளை என்று கலவையான கூட்டம். பாடத்திட்டத்தின் கடைசி அலகு 'நொலேஜ் மேனேஜ்மென்ட்'. தமிழ்ப் பிரதியில் 'அறிவு முகாமைத்துவம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். போன தவணை அந்த அலகைத் தொடங்கிய அன்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சேர், கடையை முகாமைத்துவம் செய்யலாம், ஸ்டோரைச் செய்யலாம். அறிவை எப்படிச் செய்யிறது?" வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் அது பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி என்று உறைத்தது.

முதலில் பொருள். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். போகிறவர் தலைக்குள்ளும் கைக்குள்ளும் இருப்பதும் அவரோடு கேற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அது போகாமல் இருக்க, அல்லது போவதற்கு முன் இன்னொருவருக்குச் சேர, நிறுவனம் செய்கிற ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் இது. முகாமைத்துவ எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1959இல் 'அறிவுப் பணியாளர்' என்ற கருத்தை எழுதினார். ஆனால் 'நொலேஜ் மேனேஜ்மென்ட்' என்ற பெயர் கம்பனிகளின் வாயில் புழங்கத் தொடங்கியது 1990களில்தான். கணினி வந்திருந்தது, எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

இனி தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் 'அறிவு மேலாண்மை' என்பார்கள், இலங்கையில் நமக்கு 'அறிவு முகாமைத்துவம்'. மேலாண்மையைப் பிரித்தால் மேல் + ஆண்மை. இந்த ஆண்மை 'ஆள்' என்ற வினையிலிருந்து வந்தது. மேலே இருந்து ஆள்வது. முகாமை என்பது தலைமை, மேற்பார்வை. அதிலேயே 'மை' என்று ஒரு பண்புப்பெயர் விகுதி இருக்கிறது. அது போதாதென்று தத்துவம், மகத்துவம் என்பவற்றில் வருகிற வடமொழித் 'துவ'த்தையும் பின்னால் மாட்டியிருக்கிறோம். தலைமைத்துவமும் இதே கதைதான். ஒரே சட்டைக்கு இரண்டு கொலர் வைத்துத் தைத்த மாதிரி. 'முகாமை' என்று மட்டும் சொன்னாலே போதும். ஆனால் திணைக்களப் பெயர்ப்பலகையிலிருந்து பல்கலைக்கழகப் பீடம் வரைக்கும் முகாமைத்துவம் ஏறி உட்கார்ந்துவிட்டது, இனி இறக்குவது கஷ்டம்.

எப்படி இருந்தாலும் இரண்டு சொல்லிலும் ஒருவர் மேலே இருக்கிறார். ஆங்கில மூலத்தில் அப்படி இல்லை. 'மேனேஜ்' இத்தாலிய மொழியின் 'மனேஜ்ஜாரே' என்ற வினையிலிருந்து வந்தது. அதன் வேர் 'மனோ', அதாவது கை, இலத்தீனில் 'மனுஸ்'. ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல் குதிரையைப் பழக்குவதைக் குறித்தது. கடிவாளத்தைக் கையில் பிடித்து, குதிரையின் போக்கையும் கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவருவது. பழக்குகிறவனும் குதிரையிடமிருந்து சிலதைக் கற்றுக்கொள்ளாமல் அது நடக்காது. நாம் மொழிபெயர்த்தபோது கையும் குதிரையும் விழுந்துவிட்டன, தலைமை மட்டும் மிஞ்சியது.

தரவு, தகவல், அறிவு என்று மூன்று படியாகப் பாடப்புத்தகம் அடுக்கும். அதில் 'தரவு' எனக்குப் பிடித்த சொல். இலத்தீன் 'டேட்டம்' என்றால் தரப்பட்டது. தமிழிலும் 'தா' என்ற வினையிலிருந்தே அமைந்திருக்கிறது. கச்சிதம். மற்ற இரண்டையும் பற்றி வகுப்பில் யாரும் குழம்பியதில்லை, விட்டுவிடுகிறேன்.

சிக்கல் தொடங்குவது 'டாசிட் நொலேஜ்' என்பதில். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த மைக்கல் பொலானி என்ற இரசாயனவியலாளர் கொடுத்த கருத்து இது. 1958இலும் 1966இலும் வெளிவந்த நூல்களில் இதை எழுதினார். நமக்குத் தெரிந்ததெல்லாம் வாயால் சொல்லக்கூடியதல்ல, சொல்ல முடிவதைவிடத் தெரிந்தது அதிகம் என்பது சாரம். சைக்கிளை உதாரணம் காட்டுவார்: விழாமல் ஓட்டுகிற ஒருவரிடம் எப்படிச் சமநிலை பிடிக்கிறாய் என்று கேட்டால் விளக்கத் தெரியாது, ஆனால் ஓட்டத் தெரியும். இலத்தீனில் 'டாசிட்டுஸ்' என்றால் பேசாத, மௌனமான. இதற்கு நம் குறிப்புகளில் 'மறைமுக அறிவு' என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. மறைமுகம் என்றதும் மாணவருக்கு நினைவு வருவது மறைமுக வரி. யாரோ எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்ற தொனி. 'உள்ளார்ந்த அறிவு' என்பது இன்னொன்று; அது பிறவியிலேயே வந்தது போலக் கேட்கிறது. 'பேசா அறிவு' மூலத்துக்குக் கிட்டே வருகிறது, ஆனால் யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா ஒரு தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கராக, அதாவது தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவராக, இருந்தார். (வெளியூர்க்காரர்களுக்கு: மலையகத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.) விடிகாலை நாலு மணிக்கு டோர்ச்சை எடுத்துக்கொண்டு, கொழுந்து வாட்டப் பரப்பியிருக்கும் மேல்மாடிக்கு ஏறுவார். ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிப்பார். பிறகு கையைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கொழுந்து உடனே துள்ளி விரிந்தால் இன்னும் வாடவில்லை. உருண்டையாக நின்று மெல்லத் தளர்ந்தால், காம்பை வளைக்கும்போது முறியாமல் வளைந்தால், சரி. அப்புறம் மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரு தரம் முகர்வார். அதற்குப் பிறகுதான் கொழுந்தை உருட்டுகிற ரோலர் ஓடும். மூடுபனி இறங்கிய நாளில் அதே கொழுந்துக்கு வேறு கணக்கு.

அவர் இளைப்பாறப் போகிற மாதம் பெரிய தொரை (தோட்ட முகாமையாளர்) கூப்பிட்டு, "தெரிஞ்சதை எல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க ஐயா" என்று ஒரு சீ.ஆர். கொப்பியைக் கையில் கொடுத்தார். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று இரவு எழுதினார். ஆறரைப் பக்கம் வந்தது. எத்தனை மணிநேரம் வாட்டுவது, ரோலருக்கு எத்தனை கிலோ, நொதிக்க எவ்வளவு நேரம் விடுவது, அடுப்பின் சூடு எவ்வளவு. எல்லாம் எண்கள். கையால் பிடித்துப் பார்ப்பதற்கு 'பதம் பார்த்து' என்று இரண்டே இரண்டு சொல். பதம் என்ன என்று நான் கேட்டதற்கு, "அதை எப்படிடா எழுதுறது?" என்றார்.

அவர் போன பிறகு இரண்டு மாதத்துக்குக் கொழும்பு புரோக்கரிடமிருந்து வந்த அறிக்கைகள் நன்றாக இல்லை; ஊற்றிய தேநீரில் பச்சை வாசம் அடிக்கிறது என்று குறை. மறுபடியும் அப்பாவை ஜீப் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இந்த முறை கொப்பி இல்லை. இரண்டு கிழமை, புதிதாக வந்த பொடியனைக் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கு மாடி ஏறினார். தான் பிடித்த கொழுந்தை அவன் கையில் வைத்தார், அவன் பிடித்ததைத் தான் வாங்கிப் பார்த்தார். அவ்வளவுதான் பயிற்சி.

ஜப்பானியப் பேராசிரியர்கள் நொனாக்காவும் தக்கெயுச்சியும் 1995இல் எழுதிய நூலில் ஏறக்குறைய இதே கதை இருக்கிறது. மட்சுஷிட்டா கம்பனி வீட்டில் பாண் சுடும் மெஷின் ஒன்றை உருவாக்கப் பார்த்தது. மாப் பிசைவது சரியாக வரவில்லை. மென்பொருள் பகுதியில் வேலை செய்த இக்குக்கோ தனாக்கா என்ற பெண், ஒசாகாவில் நல்ல பாணுக்குப் பேர்போன ஒரு ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய்ச் சீடராக நின்றார். நின்று பார்த்ததில்தான் அவர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது தெரிந்தது. பேக்கர் அதைச் சொல்லவில்லை, சொல்ல அவருக்குத் தோன்றவும் இல்லை.

இப்படிக் கூட நின்று வாங்குவதற்கு அந்தப் பேராசிரியர்கள் வைத்த பெயரை நம் குறிப்புகள் 'சமூகமயமாக்கல்' என்று எழுதுகின்றன. பஸ் கம்பனியை அரசாங்கம் எடுத்த மாதிரி இருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு வினை ஏற்கெனவே கிடக்கிறது: பழகு. சைக்கிள் பழகினேன் என்கிறோம். தையல் பழகுகிறாள் என்கிறோம். அவரோடு பத்து வருஷம் பழகியிருக்கிறேன் என்றும் சொல்கிறோம். ஒரு தொழிலைக் கற்பதற்கும் ஒரு மனிதரோடு நெருங்குவதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. அப்பாவுக்கும் அந்தப் பொடியனுக்கும் நடந்தது இரண்டும்தான். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்ற பழைய வரியில் கையும் இருக்கிறது. பொலானியின் சொல்லுக்கு 'கைப்பழக்கம்' என்று நான் கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிட்டேன். மூளையால் செய்கிற வேலைக்கு அது பொருந்துமா என்று ஒரு ஆசிரியை கேட்டார். முழுக்கப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே வெறும் 'பழக்கம்' என்று சொல்லலாம். இதே 'பழகு'வின் பிறவினைதான் குதிரையைப் 'பழக்கு' என்பதும். இத்தாலியில் தொலைத்ததை அட்டனில் கண்டெடுத்தது போல இருந்தது எனக்கு.

பக்கத்துச் சொல் ஒன்று: 'லேர்னிங் ஓர்கனைசேஷன்'. பீட்டர் செங்கே 1990இல் பரவலாக்கியது. 'கற்றல் நிறுவனம்' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பாதிப் பேர் ரியூஷன் கடையைப் பற்றி விடை எழுதினார்கள். தவறு என்னுடையது. பெயரோடு பெயர் சேர்த்தால் அது எதற்கான நிறுவனம் என்று ஆகிவிடும், கல்வி நிறுவனம் போல. 'கற்கும் நிறுவனம்' என்று பெயரெச்சமாக வைத்தால் கற்பது யார் என்பது தெளிவு: நிறுவனமே.

பல்கலைக்கழகங்கள் கற்பிக்கும் நிறுவனங்கள். கற்கும் நிறுவனங்களா என்பது வேறு விஷயம். மூத்த விரிவுரையாளர் ஓய்வு பெறும்போது அலுமாரிச் சாவியை மட்டும் வாங்கி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பேராதனை மாணவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, எந்தப் பாடத்திட்டத்திலும் வராத சொல்: குப்பி. பரீட்சைக்கு முன்னால், பாடம் பிடிபட்ட ஒருவர் பிடிபடாதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பது 'குப்பி'. சிங்கள மாணவர்களும் இதையே சொல்கிறார்கள். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். லயத்தில் வளர்ந்த எவருக்கும் அந்த விளக்கின் புகை வாசம் தெரியும். அறிவுப் பகிர்வு என்ற உயிரில்லாத தொடரைக் குப்பி என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

எழுதி வைப்பதை நான் இளக்காரம் செய்யவில்லை. 1925இல் நிறுவப்பட்டு இப்போது தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் சுற்றறிக்கைகள் இல்லாவிட்டால், 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்ததைப் போன்ற ஒன்றை ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே தலையைச் சொறிந்துகொண்டு சமாளிக்க வேண்டியிருக்கும். எழுத்தில் வைக்கக்கூடியதை 'வெளிப்படை அறிவு' என்பார்கள், அதற்கு அதுதான் இடம். அந்தச் சொல்லில் எனக்குப் பிணக்கில்லை.

ஆக, பரீட்சைத் தாளில் 'அறிவு முகாமைத்துவம்' என்றே எழுதுங்கள், புள்ளி அதற்குத்தான் கிடைக்கும். தமிழ்நாட்டு நூலைப் பார்த்துப் படித்தால் 'மேலாண்மை' என்று வரும், இரண்டும் ஒன்றுதான். வீட்டில் அம்மா அப்படியென்றால் என்ன என்று கேட்டால், கொழுந்து எடுக்க யார் பழக்கியது என்று திருப்பிக் கேளுங்கள்.