ராட்51-க்குத் துணை நிற்கும் சொந்தங்கள்: ஈஸ்ட் தன் டிஎன்ஏவைச் சரிசெய்யும் விதம்

ஒரு செல்லுக்கு வரக்கூடிய சேதங்களில் மிக மோசமானவற்றில் ஒன்று, டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவது. ஒரு இழை மட்டும் போனால் எதிர் இழையைப் பார்த்து நிரப்பிவிடலாம், இரண்டும் போனால் பார்த்து எழுத அங்கே எதுவும் இல்லை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி எழுத்துகள். அதில் இப்படி ஒரே ஒரு முறிவு சரியாகாமல் நின்றாலும் செல் செத்துப்போகலாம்.

அதனால் ஈஸ்ட் அதே வரிசை முழுசாக இருக்கும் இன்னொரு பிரதியைத் தேடுகிறது. முதலில் நொதிகள் முறிந்த முனைகளில் ஒரு இழையை அரித்துவிட, மற்றது ஒற்றையாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் உடனே ஆர்பிஏ என்ற புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, இழை சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் உண்மையான வேலை ராட்51 என்ற புரதத்துடையது. அது ஒரு மூலக்கூறுக்கு மூன்று எழுத்து என்ற கணக்கில் இழை நெடுக அடுக்கி உட்கார்ந்து, டிஎன்ஏவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்கும், அப்படி இழுபட்ட நிலையில்தான் அந்த இழை தனக்குப் பொருந்தும் வரிசையை இன்னொரு டிஎன்ஏவில் கண்டுபிடித்து உள்ளே நுழைய முடியும். அப்புறம் டிஎன்ஏவை எழுதும் நொதியான பாலிமரேஸ் வந்து விடுபட்டதைப் பார்த்து எழுதிவிடும்.

சரி, ராட்51 மட்டும் போதுமா என்றால் போதாது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆர்பிஏ இடம் விடாது, அதை விலக்க ராட்52 என்ற இன்னொரு புரதம் உதவ வேண்டும். இன்னொரு பக்கம் எஸ்ஆர்எஸ்2 என்ற நொதி இழைமேல் ஓடிக்கொண்டே ராட்51-ஐக் கழற்றி எறியும். தேவையில்லாத இடத்தில் இழை இப்படி இன்னொரு டிஎன்ஏவுக்குள் நுழைந்தால் அதுவே ஆபத்து என்பதால் ஈஸ்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடும் வேண்டியிருக்கிறது.

இங்கேதான் ராட்55, ராட்57 என்ற புரதங்கள் வருகின்றன. ராட்51-ஐயும் சேர்த்து மூன்றும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து பிரிந்து வந்தவை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடிக்கும் நடுப்பகுதி மூன்றிலும் ஒரே சாயல். ஆனால் ராட்51 செய்வதுபோல இழையை இன்னொரு டிஎன்ஏவுக்குள் நுழைத்து மாற்றுவதை இவை இரண்டாலும் செய்ய முடியாது, எப்போதும் ஜோடியாகவே இருந்து ராட்51 இழைமேல் ஏறுவதற்குக் கைகொடுக்கும். 1997-இல் பேட்ரிக் சங் என்ற ஆய்வாளர் இதைச் சோதனைக் குழாயில் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று குளிர் சம்பந்தப்பட்டது. ராட்55 அல்லது ராட்57 இல்லாத ஈஸ்ட்டை, டிஎன்ஏவை முறிக்கும் எக்ஸ் கதிரில் காட்டினால், வெதுவெதுப்பான சூட்டில் ஓரளவு சமாளித்துவிடும், 23 டிகிரி செல்சியஸ் போலக் குறைவான வெப்பத்தில் நிறையச் செத்துப்போகும். ராட்51-ஐ அதிகமாகத் தயாரிக்க வைத்தால் அந்தக் குறை பெருமளவு மறைகிறது! அதாவது இந்த ஜோடியின் வேலை ராட்51 அடுக்கு உருவாகி நிலைப்பதில்தான் இருக்கிறது.

அந்த அடுக்குக்குள்ளேயே இவையும் கலந்து உட்கார்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2021-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, டிஎன்ஏ மூலக்கூறுகளைத் தனித்தனியாக நீட்டி வைத்து நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. ஜோடி வந்து ஒட்டுகிறது, ராட்51 அடுக்க ஆரம்பிக்கிறது, அடுக்கு முழுமை பெறும்போது ஜோடி ஏடிபியைச் சிதைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. கான்கிரீட் இறுகியதும் பிரித்தெடுக்கும் சென்ட்ரிங் பலகைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்எஸ்2 நடுவில் வந்து கலைத்தால் மறுபடி அடுக்கவும் இது உதவுகிறது.

இவை தவிர ஷூ தொகுதி என்று நான்கு புரதங்கள் சேர்ந்த ஒரு குழுவும் ஈஸ்ட்டில் ராட்51-க்கு உதவுகிறது. மனிதரில் ராட்51பி, ராட்51சி, ராட்51டி, எக்ஸ்ஆர்சிசி2, எக்ஸ்ஆர்சிசி3 என்று உறவு இன்னும் விரிகிறது. ராட்51சி, ராட்51டி மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருக்கும் பெண்களுக்குக் கருப்பைக்குப் பக்கத்திலிருக்கும் சினைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அதே பழுதால் புற்றுச் செல்லாலும் முறிவைச் சரிசெய்ய முடியாமல் போவதால், டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் பார்ப் என்ற இன்னொரு புரதத்தைத் தடுக்கும் ஓலாபரிப் மாதிரியான மருந்துகளுக்கு அந்தச் செல்கள் எளிதில் மடிகின்றன.