சம்மதித்துக் கையெழுத்திட்டாலும் கூலியைக் குறைக்க முடியாது

சென்ற வாரம் தூய்மைப் பணி செய்யும் ஓர் அம்மா வந்திருந்தார். ஆறு ஆண்டுகளாக ஒப்பந்த வேலை; அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி ஒரு மாதமும் கைக்கு வந்ததில்லை. "சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனிக் கேட்க முடியாதாமே ஐயா?" என்றார். இதே கேள்வியோடு வருபவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். அவரிடம் அப்படிச் சொன்னவர் நன்கு படித்தவர் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கூலி, சமத்துவமெல்லாம் அரசமைப்பின் வழிகாட்டு நெறிகளில் இருப்பவை, வெறும் அறிவுரை, நீதிமன்றத்தில் செல்லாது" என்கிறார்கள். 37வது பிரிவை முழுதாகப் படியுங்கள். நீதிமன்றம் மூலம் அவற்றை நேரடியாக நிறைவேற்ற முடியாது என்பது முதல் பாதி. நாட்டின் ஆட்சிக்கு அவை அடிப்படை, சட்டம் இயற்றும்போது அவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை என்பது மறுபாதி. அதை யாரும் படிப்பதில்லை. கூலிச் சட்டங்கள் அந்தக் கடமையின் வழியில் நிற்பவை; மீறினால் தண்டனை உண்டு.

மேலும், கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23வது பிரிவு அடிப்படை உரிமை. தனியார் முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், 1982இல், உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி தெளிவாக எழுதினார்: பசியாலும் வறுமையாலும் வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்பே. அப்புறம் என்ன சம்மதம்?

அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு. பொருளாதார வாழ்வில் அந்தச் சமம் இல்லை. இந்த முரண் நீடித்தால் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எச்சரித்தார். இந்த அம்மாவும் அவருடைய ஒப்பந்ததாரரும் தேர்தலன்று ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். மறுநாள் அவரிடம் கூலிச் சீட்டைக் கேட்க இவருக்கு நா எழுவதில்லை.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கூலிச் சீட்டு தராவிட்டால், வேலைக்குப் போன நாளையும் வாங்கிய தொகையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பாஸ்புக்கில் வரவைப் பதிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். காலக்கெடு தாண்டினால் பழைய பாக்கி கைவிட்டுப் போய்விடும். தயவுசெய்து, கூலி குறைந்த முதல் மாதமே வாருங்கள்.