34 நாற்காலியும் ஒரு தசமப் புள்ளியும்

கர்நாடகத்தில் புது ஆட்சி வந்தால் பெங்களூரின் அல்சூர், சிவாஜி நகர் பக்கத்துத் தமிழர்களும் கேட்கிற கேள்வி, "நம்ம எம்எல்ஏவுக்கு மந்திரி பதவி உண்டா?" சாதி, ஜில்லா, டெல்லி மேலிடம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு பெருக்கல் இருக்கிறது. மந்திரிகள் எண்ணிக்கைக்கு வரம்பு, சட்டமன்றத்தின் 224 இடங்களில் 15 சதவீதம். அது எவ்வளவு?

33.6. சிக்கலே அந்தப் புள்ளி ஆறில்தான்.

முன்பு இப்படி ஒரு வரம்பு கிடையாது. 1997-இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அமைச்சரவையில் 93 பேர் இருந்தார்கள். ஆதரவு தந்தவர்களுக்கெல்லாம் ஒரு இலாகா! இதை நிறுத்தத்தான் 2003-இல் அரசியல் சட்டத்தின் 91-ஆவது திருத்தம் வந்தது. முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சின்ன மாநிலமானாலும் 12-க்குக் குறையக் கூடாது என்பது விதி. டெல்லிக்குத் தனி விதி, 10 சதவீதம். அங்கே 70 இடங்கள் என்பதால் 7 பேர், பின்னமே இல்லை.

தமிழ்நாட்டில் 234-க்கு 35.1 வருகிறது. புள்ளியை விட்டுவிட்டு 35 என்று வைத்துக்கொள்கிறார்கள். கர்நாடகத்திலோ 33.6-ஐ மேலே ஏற்றி 34 ஆக்கிக்கொண்டார்கள். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 34 பேர் என்பது 15.18 சதவீதம். 'தாண்டக் கூடாது' என்று சொல்லும் பிரிவு, பின்னத்தை என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஹரியானாவிலும் 13.5 என்பது 14 ஆகிவிட்டது. மேலே ஏற்றினால் ஒரு பதவி கூடுதலாகக் கிடைக்கும் என்னும்போது கீழே இறக்க யாருக்கு மனசு வரும்?

இன்னொரு விசித்திரம். கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவில் இரண்டு அவைகள் உண்டு. மேலவையில் 75 பேர். சதவீதம் போடும்போது இவர்களை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் இவர்களும் மந்திரியாகலாம். எந்த அவையிலும் இல்லாதவர்கூட ஆகலாம், ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்கு வந்துவிட்டால் போதும். 2023 மே மாதம் சித்தராமையா அமைச்சரவை 34-ஐத் தொட்டபோது அதில் இருந்த என்.எஸ். போசராஜு எம்எல்ஏவும் இல்லை, எம்எல்சியும் (மேலவை உறுப்பினரும்) இல்லை. அடுத்த மாதமே மேலவைக்குத் தேர்வானார்.

வரம்பு போட்டதும் காலி நாற்காலிக்கே தனி மதிப்பு வந்துவிட்டது. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 2019-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. ஆளும் கூட்டணியின் எம்எல்ஏக்கள் கூட்டமாக ராஜினாமா செய்ய, குமாரசாமி அரசு ஜூலை 23-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 99-க்கு 105 என்று தோற்றது. சபாநாயகர் 17 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். பாஜகவின் எடியூரப்பா முதலில் தனியாக முதல்வர் பதவியேற்றார், ஆகஸ்டில் 17 பேரைச் சேர்த்துக்கொண்டார். ஆக 18. மீதி 16 இடங்களை அப்படியே காலியாக வைத்திருந்தார். யாருக்காக என்று பெங்களூரில் எல்லோருக்கும் தெரியும்.

தகுதி நீக்கமானவர்களுக்கு ஏன் உடனே தரவில்லை? அதே 91-ஆவது திருத்தத்தில் இன்னொரு பூட்டு இருக்கிறது. கட்சித் தாவலுக்காகத் தகுதி இழந்தவர், அந்தப் பதவிக்காலம் முடியும்வரை அல்லது மறுபடி தேர்தலில் ஜெயிக்கும்வரை, மந்திரியாக முடியாது. அதனால் அந்த டிசம்பரில் 15 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிவாஜி நகர், கே.ஆர்.புரம், யஷ்வந்த்பூர், மகாலட்சுமி லேஅவுட்காரர்கள் இரண்டு வருஷத்துக்குள் மறுபடி ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். ஜெயித்து வந்தவர்களில் 10 பேர் 2020 பிப்ரவரி 6-ஆம் தேதி மந்திரிகள் ஆனார்கள்.

தோற்றவர்கள் கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஹொஸ்கோட்டேயில் தோற்ற எம்.டி.பி. நாகராஜை எம்எல்ஏக்கள் ஓட்டுப் போட்டு மேலவைக்கு அனுப்பினார்கள். ஹுன்சூரில் தோற்ற ஏ.எச். விஸ்வநாத்தை மேலவைக்கு நியமித்தார்கள். இருவரும் எம்எல்சிதான், உட்காருவதும் ஒரே அவையில்தான். ஆனால் 2020 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் நியமனம் தேர்தல் ஆகாது என்று சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில் நாகராஜ் மந்திரியானார். விஸ்வநாத்துக்குக் கதவு திறக்கவில்லை.

அப்புறம், 34-க்குள் இடம் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி? நிகம மண்டலி. அரசு வாரியங்களுக்கும் கழகங்களுக்கும் எம்எல்ஏக்களைத் தலைவராக்கி, பலருக்குக் கேபினட் அந்தஸ்தும் தருகிறார்கள். காரும் ஆபீசும் கிடைக்கும். அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார முடியாது, 15 சதவீதக் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை.