தங்கம் சும்மா இருப்பதில்லை: டி.என்.ஏ. சென்சார் செய்பவர்களும் வாங்குபவர்களும் கவனிக்க

டி.என்.ஏ.வைக் கண்டறியும் சென்சார் பற்றிப் பேச வருபவர்கள், ப்ராஜெக்ட் செய்யும் மாணவரானாலும் சரி, கிட் விற்க வந்தவரானாலும் சரி, தங்கத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: “தங்கம் எதனோடும் வினைபுரியாது, அதனால்தான் அதை எடுத்தோம்.” பாதிதான் சரி. தங்கம் துருப்பிடிக்காது, சாதாரண அமிலத்தில் கரையாது. ஆனால் டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களும் (base) அதன்மேல் ஒட்டும். அதுவும் நான்கும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. உயிர்சென்சார் வேலையில் என் மேஜைக்கு வரும் “எங்கள் சோதனை ஏன் இப்படிக் காட்டுகிறது?” என்ற கேள்விகளில் பெரும்பாலானவை இதைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

அடினினும் குவானினும் இரட்டை வளைய மூலக்கூறுகள். சைட்டோசினும் தைமினும் ஒற்றை வளையம். நான்குமே தட்டையானவை. டி.என்.ஏ. இழைக்குள் இவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்புக்கு உள்ளே மறைந்திருக்கின்றன. முதுகெலும்பை நீக்கி வெறும் காரத்தைத் தங்கத்தின்மேல் படியவைத்தால் அது பெரும்பாலும் படுத்துக்கொள்ளும். அதன் ஓரங்களில் இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்கள் பக்கத்து மூலக்கூறைத் தேடும். ஆக, இங்கே இரண்டு இழுப்புகள் வேலை செய்கின்றன: கீழே உலோகத்தின் இழுப்பு, பக்கவாட்டில் ஹைட்ரஜன் பிணைப்பு. எந்தக் கோலம் உருவாகும் என்பது இந்த இரண்டில் எது மற்றதை விஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது.

இதைக் கண்ணால் காட்டியது ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப், சுருக்கமாக எஸ்.டி.எம். 1981இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் உருவாக்கியது. 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. கூரிய உலோக முனையைப் பரப்பின்மேல் தொடாமல் நகர்த்துவார்கள். இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறிவிடும். அந்த மாற்றத்தை வரி வரியாகப் பதிவுசெய்து படமாக்குகிறார்கள். இதற்கான தங்கப் படிகத்தை ஆர்கான் அயனிகளால் அடித்து, சூடேற்றி, மறுபடி அடித்து, மறுபடி சூடேற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதன்பின் உயர் வெற்றிடத்தில் சின்ன மூசையில் காரப் பொடியைச் சூடாக்கினால் ஆவியாகிப் போய்ப் படியும். அங்கே தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை. செய்தியில் இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. நிறங்கள் கணினி போட்டவை. படத்தில் தெரிவது எலெக்ட்ரான்களின் பரவல். எந்த மேடு எந்த அணு, எங்கே ஹைட்ரஜன் பிணைப்பு என்பதைக் கணக்கீட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

தங்கப் படிகத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெட்டினால் கிடைக்கும் (111) முகமே ஒரு வேடிக்கையான பரப்பு. மேல் அடுக்கில் 22 அணுக்கள் இருக்க வேண்டிய நீளத்தில் 23 அணுக்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அதனால் பரப்பு முழுவதும் மீன்முள் போன்ற வரிகள் ஓடும். இதன்மேல் காரங்கள் ஓரளவு எளிதாக நழுவிப் போக முடிகிறது. எனவே பக்கவாட்டு ஹைட்ரஜன் பிணைப்புதான் கோலத்தைப் போடுகிறது. குவானின் இதை அழகாகச் செய்கிறது. 2005இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகக் குழு, தங்கத்தின்மேல் குவானின்கள் நான்கு நான்காகக் கைகோத்துச் சதுரங்களாகி, அந்தச் சதுரங்கள் சேர்ந்து வலையாக விரிவதைக் காட்டியது. நம் குரோமோசோம் முனைகளில் தைமின், தைமின், அடினின், குவானின், குவானின், குவானின் என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கேயும் இத்தகைய நால்வர் அமைப்பு உருவாக முடியும், ஆனால் கரைசலில் அதைத் தாங்கிப் பிடிக்கப் பொட்டாசியம் போன்ற அயனி தேவை. தங்கத்தின்மேல் அது தேவைப்படவில்லை. ஒரு பிணைப்பு அடுத்த பிணைப்பை வலுப்படுத்தும் கூட்டு விளைவே போதுமாக இருந்தது. (மத்தி மீன் செதிலின் வெள்ளிப் பளபளப்பும் குவானின் படிகங்கள்தான். அடுக்கி நிற்பது அதற்குக் கைவந்த கலை.)

சைட்டோசின் நேர்மாறு. 2008இல் வெளிவந்த ஆய்வில், தங்கத்தின்மேல் குளிர்ந்த நிலையில் அது எந்த ஒழுங்கும் இல்லாத வலையாக நின்றது. வளைந்து நெளியும் சங்கிலிகள், அங்கங்கே ஐந்து மூலக்கூறு வளையம், ஆறு மூலக்கூறு வளையம். அதே வடிவம் சீராகத் திரும்பி வரவே இல்லை. ஒரு தளத்தில் உருவான கண்ணாடி என்றே சொல்லலாம். தைமின் தங்கத்தில் இழைகளாக ஓடும். அடினின் ஒழுங்கான தீவுகளாகச் சேரும்.

உலோகத்தை மாற்றினால் கதையும் மாறும். செம்பு காரங்களை இன்னும் பலமாகப் பிடிக்கும். செம்பின் (110) முகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கே அடினின் சங்கிலிகள் அந்த வரிசைக்கு இணையாகவும் போவதில்லை, குறுக்காகவும் போவதில்லை. சாய்வாக, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு திசைகளில் போகின்றன. அடினினுக்குத் தனியாக இடது வலது கிடையாது, ஆனால் எந்த முகம் உலோகத்தைப் பார்க்கிறது என்பதால் அந்த வேறுபாடு வந்துவிடுகிறது. காகிதத்தில் வெட்டிய ‘ட’வைத் திருப்பிப் போட்டால் அது ‘ட’வாக இருக்காதல்லவா, அதே கணக்கு.

இதையெல்லாம் வைத்து “உலோகத்தில் உயிர் தோன்றியது” என்று தலைப்புப் போடுபவர்கள் உண்டு. ஜோடியைத் தேடும் குணம் பரப்பிலும் தெரிகிறது என்பது உண்மை: சைட்டோசினையும் அடினினையும் கலந்து தங்கத்தில் படியவைத்துச் சூடேற்றினால் இரண்டும் பிரிந்து தனித்தனியாகக் கூடுகின்றன, இயல்பான ஜோடியான சைட்டோசினும் குவானினும் அப்படிப் பிரிவதில்லை. அதிலிருந்து ஆதிக்கடலுக்குத் தாவுவது வெகுதூரத் தாவல். நான் தாவ மாட்டேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். தண்ணீரில் எந்தக் காரம் தங்கத்தில் அதிகம் ஒட்டும்? ஒற்றை இழை டி.என்.ஏ.க்களைப் போட்டியிட வைத்து 2003இல் அளந்தபோது அடினின் முதலிடம், அதன்பின் சைட்டோசினும் குவானினும், கடைசியில் தைமின். அதற்கு முந்தைய ஆண்டு, படிந்த காரங்களைச் சூடாக்கிப் பிரித்தெடுக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று பார்த்த அளவீட்டில் குவானின் முதலிடம் பிடித்தது. இரண்டிலும் கடைசி தைமின்தான். மேலிடம் மட்டும் மாறுகிறது, ஏனென்றால் ஒன்று தண்ணீரில் நடக்கும் போட்டி, மற்றது வெப்பத்தால் கிளப்புவது. எந்த நிலையில் அளந்தது என்று கேட்காமல் இந்த வரிசையை மனப்பாடம் செய்பவர்கள்தான் அதிகம்.

தங்கக் கூழ்மச் சோதனையில் இது நேரடியாகத் தலைகாட்டும். சுமார் 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் கலந்த கரைசல் நல்ல ஒயின் சிவப்பு. உப்பு சேர்த்தால் துகள்கள் ஒன்றுகூடி, கண் முன்னால் ஊதாவாகி, பிறகு நீலச் சாம்பலாகும். ஒற்றை இழை டி.என்.ஏ. இருந்தால் அதன் காரங்கள் துகள்மேல் படர்ந்து காப்பாற்றும். உப்புப் போட்டாலும் சிவப்பு அப்படியே நிற்கும். இரட்டை இழையில் காரங்கள் உள்ளே ஒளிந்திருப்பதால் அந்தக் காப்பு கிடைக்காது. ஆகவே நாம் போடும் ஒற்றை இழை (இதுதான் ப்ரோப்), தேடும் இழை கிடைத்து அதனோடு ஜோடி சேர்ந்தால் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. 2004இல் வெளியான இந்த எளிய யோசனையை வைத்து எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன.

சிக்கல் என்னவென்றால், நிறம் எப்போது மாறும் என்பதை நாம் தேடும் இழை மட்டும் தீர்மானிப்பதில்லை. ப்ரோப்பில் அடினின் எத்தனை, தைமின் எத்தனை, இழை எவ்வளவு நீளம், எவ்வளவு நேரம் விட்டீர்கள், உப்பு எவ்வளவு என்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதோடு மாதிரியில் இருக்கும் மற்ற சரக்கு. பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) முடிந்த கலவையை அப்படியே கூழ்மத்தில் ஊற்றுகிறார்கள். அதில் மெக்னீசியமும் பொட்டாசியம் குளோரைடும் உண்டு, நீங்கள் உப்புப் போடும் முன்பே அவை துகள்களைக் கூட்டிவிடலாம். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டை இழைகளான ப்ரைமர்கள் மீந்துபோனால் அவையும் ஒற்றை இழைதான், அவை சிவப்பைக் காப்பாற்றிவிடும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியின் பஃபர் கரைசலில் பெரும்பாலும் டி.டி.டி. (DTT) என்ற கந்தகச் சேர்மம் இருக்கும். அதன் கந்தகம் தங்கத்தை எந்தக் காரத்தையும்விட இறுகப் பிடிப்பதால், ஒட்டியிருந்த டி.என்.ஏ.வைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் இத்தகைய கிட் பற்றி யாராவது விளக்கினால், முதலில் நான் கேட்பது வெற்று மாதிரியின் படத்தை. அடுத்து, அதே நீளம், அதே கார எண்ணிக்கை, வரிசை மட்டும் கலைத்த இழை போட்ட குழாய் எங்கே என்று கேட்பேன். தண்ணீர் போட்ட குழாய் மட்டும் கண்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் குழாயாக, இருந்தால் அதை நான் கண்ட்ரோல் என்று எடுத்துக்கொள்வதில்லை. கண்ணால் சிவப்பு நீலம் பார்ப்பதைவிட, ஸ்பெக்ட்ரோமீட்டரில் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கமும் 650க்கு அருகிலும் ஒளி உறிஞ்சலை அளந்து விகிதம் போடுவது நல்லது. ட்யூப் லைட்டுக்கு அடியில் இளம் ஊதா எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியாது. (வீட்டில் பயன்படுத்தும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் கோடும் பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். ஆனால் அதில் ஒட்டியிருப்பது ஆன்டிபாடி. இங்கே சொல்லும் சிக்கல் அதற்குப் பொருந்தாது.)

தங்கத் தகடு வைத்த சிப்பில் வேறு தொல்லை. ப்ரோப்பின் ஒரு முனையில் தயால் (தங்கத்தை இறுகப் பிடிக்கும் கந்தகத் தொகுதி) வைத்து நிற்கவைக்கப் பார்ப்போம். ஆனால் மீதி இழையின் காரங்கள் தங்கத்தில் ஒட்டி, ப்ரோப் படுத்துவிடும். படுத்த ப்ரோப்பால் ஜோடி பிடிக்க முடியாது. 1997 முதல் புழக்கத்தில் உள்ள வழி மெர்காப்டோஹெக்சனால்: குட்டையான தயால், காலியிடங்களை நிரப்பி, படுத்திருக்கும் காரங்களை எழுப்பிவிடும். தகடு பழையதாக இருந்தால் இதுவும் உதவாது. அப்போதுதான் சுத்தம் செய்த தங்கத்தில் தண்ணீர்த் துளி பரவும்; காற்றில் விட்டுவைத்த தகட்டில் அதே துளி முத்தாகத் திரண்டு நிற்கும், ஏனென்றால் காற்றிலிருந்த கரிமக் கசடு அதற்குள் இடம் பிடித்துவிட்டது. தகட்டைச் சுத்தம் செய்த நேரத்தை நோட்டில் எழுதச் சொன்னால் மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

தயாலே வேண்டாம் என்று சிலர் அடினினின் ஒட்டலையே நங்கூரமாக்கிக்கொண்டார்கள். ப்ரோப்பின் ஒரு முனையில் அடினின் தொடர் ஒன்றைச் சேர்த்தால் அது தங்கத்தில் படுத்துக்கொள்ளும், மறுமுனை நிமிர்ந்து நிற்கும். 2012 முதல் இந்த முறை நன்றாகவே ஓடுகிறது. அடினின் தொடரின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து ப்ரோப்களின் இடைவெளியையும் சரிசெய்ய முடிகிறது. ஆனால் நீங்கள் தேடும் மரபணுப் பகுதியிலேயே அடினின் வரிசையாக வந்தால் ப்ரோப்பை வடிவமைக்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள், நங்கூரம் எது, தூண்டில் எது என்று தங்கத்துக்குத் தெரியாது.